மூடி வைத்த மைதானம்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ லூயி-பிளாங் தெருவில் தேநீர் குடிக்கப் போனால் இப்போதெல்லாம் என்னை ஒரு வீரனைப் போலப் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் என் கதை கை மாறிக் கை மாறி நன்றாகப் பருத்துவிட்டது. போன கிழமை தேநீர்க் கடை முதலாளி செல்வன், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவருக்கு என்னைக் காட்டினார்.

"இவர் ஆரெண்டு தெரியுமோ? பாலன் அண்ணை. யூனிவேர்சிற்றி கிறவுண்டைப் பிடிக்க வந்த பெரிய கொம்பனிக்காரரைத் தனி ஆளா நிண்டு திருப்பி அனுப்பினவர்."

"அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி," என்றேன்.

"பாத்தியளோ அடக்கத்தை!" என்று சொல்லி, செல்வன் எனக்கு ஒரு வடையை இலவசமாக வைத்தார். வடை சூடாக இருந்ததால் அதற்கு மேல் மறுக்கவில்லை.

அது அடக்கமே அல்ல. உண்மை என்னவென்றால், அந்த மைதானத்தை அந்த நிறுவனத்தின் கையில் தூக்கிக் கொடுக்கப் பார்த்தவனே நான்தான். சாப்பிட்ட வடைக்காவது நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் கால் மணி நேரம் போனால் ஓர் அரச பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என் சிநேகிதர்கள் வேலை செய்கிறார்கள். அதன் உதைபந்தாட்ட மைதானத்தை இருபத்திரண்டு வருடம் நான் பார்த்துக்கொண்டேன். புல் வெட்டுவது, கோடு போடுவது, காலையில் திறப்பது, மாலையில் பூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முன் பாரிசின் லா சப்பல் பகுதியில் ஐந்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை. விறாந்தை துடைத்துக்கொண்டிருந்தபோது மைதானத்துக்கு ஆள் தேவை என்ற அறிவித்தல் கண்ணில் பட்டது. எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். ஆறு கிழமை தோட்டக்கலைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். என் பிரெஞ்சுக்கு அங்கே சொன்னதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை இன்றைக்கும் மறக்கவில்லை.

என் முறை இதுதான். காலை ஏழு மணிக்கு வந்தவுடன், தேநீர்கூடக் குடிக்காமல் மைதானத்தை ஒரு சுற்று நடப்பேன். நான்கு மூலைகளிலும், இரண்டு கோல் வாசல்களிலும், நடு வட்டத்திலும் நீளமான ஸ்குறூட்ரைவர் ஒன்றை மண்ணில் குத்திப் பார்ப்பேன். பிடி வரை வழுக்கிக்கொண்டு இறங்கினால் மண் குடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு குதிக்காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து, ஒரு தரம் திரும்புவேன். சப்பாத்தைச் சுற்றிப் பளபளவென்று ஈரம் கசிந்தால் அன்றைக்கு மைதானம் மூடல். கேற்றில் சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டு, என் கொட்டிலுக்குப் போய் நீலக் கொப்பியை எடுப்பேன். திகதி, காலநிலை, மண்ணின் நிலை, திறப்பா மூடலா, விளையாடியவர்கள் எத்தனை பேர் என்று ஐந்து நிரல்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் திருந்திய கையெழுத்து எனக்கு. அச்சடித்தது போல இருக்கும்.

குதிக்கால் சோதனை தோட்டக்கலைப் பள்ளியில் சொல்லித் தந்தது அல்ல, என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை பாரிஸ் மழையில் அந்தச் சோதனையில் எந்த மண்ணும் தேறாது. சிவப்புப் பலகை தொங்கியபடியே இருக்கும். அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அந்தப் புல். பக்கத்துத் தொடர்மாடிகளில் குடியிருப்பவர்கள் அதைப் படம் பிடிப்பார்கள். ஒரு முறை தேசிய மட்டத்தில் விளையாடிய யாரோ ஒருவர் வேலிக்கு வெளியே நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாணவர்களுக்கு என்னைப் பிடிக்காது. அதிலும் பெண்கள் அணித் தலைவி அமினத்தாவுக்கு அறவே பிடிக்காது. சட்டம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. பெற்றோர் செனகலில் இருந்து வந்தவர்கள். பெண்கள் அணிக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள், பலகையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

"முசியே பாலன், இந்தப் புல்லை யாருக்காக வளர்க்கிறீர்கள்?"

"உங்களுக்காகத்தான், மத்மசல்."

"எப்போது தருவீர்கள்?"

"காய்ந்ததும்."

அவள் போய் வாகனத் தரிப்பிடத்தில் தன் அணியை ஓட வைப்பாள். தாருக்கு மேல், கார்களுக்கு நடுவே. அதை நான் கொட்டில் யன்னலால் பார்த்திருக்கிறேன். பாவம் என்று நினைத்தேனா? இல்லை. நல்ல வேளை புல் தப்பியது என்றுதான் நினைத்தேன்.

என் மேலதிகாரி மதாம் மொரே. விளையாட்டுப் பிரிவின் தலைவர். ஒல்லியான பெண்மணி, சாம்பல் நிற மழைக்கோட்டு, காதில் எப்போதும் ஒரு பென்சில். காலை ஒன்பது மணிக்குக் கொட்டிலுக்கு வந்து என் கதிரையில் அல்ல, தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ற் வாளியில் இருப்பார். பையிலிருந்து ஒரு சிறிய தோடம்பழத்தை எடுத்து, தோல் அறாமல் ஒரே சுருளாக உரிப்பார். உரித்து முடியும்வரை நாம் பேச வேண்டும், அவர் கேட்பார். உரித்து முடிந்ததும் அவர் பேசுவார், நாம் கேட்க வேண்டும். குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் நன்றி சொல்வார். ஒரு நன்றி என்றால் அதிருப்தி. இரண்டு என்றால் கவனமாக இருக்க வேண்டும். மூன்று நன்றியை ஒரே மூச்சில் வாங்கிய ஒரு பயிற்சியாளர் அடுத்த மாதம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. அதுவரை என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

அந்த வருடம் பல்கலைக்கழக நூலகத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. வாசிக்கும் மேசைகளுக்கு நடுவே வாளிகள் வைத்திருந்தார்கள். அமைச்சில் கேட்டால் காசு இல்லை. பிராந்திய சபையில் கேட்டால், தேர்தல் வருகிறது, பிறகு பார்ப்போம். அந்த நேரத்தில்தான் முதலீட்டு நிறுவனம் ஒன்று கதவைத் தட்டியது. பெரிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தவர்கள். பாரிசுக்குப் பக்கத்தில் இளம் வீரர்களைப் பயிற்ற ஒரு கல்லூரி கட்ட இடம் தேடினார்கள். எங்கள் மைதானத்தை முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டார்கள். பதிலுக்கு நூலகத்துக்குப் புதுக் கூரை. கட்டடத்துக்குப் பிராந்திய சபையும் பங்கு போடும், திறப்பு விழாவில் நாடாவும் வெட்டும். மாணவர்கள்? அவர்களுக்கு வேறு ஊரில் ஒரு செயற்கைப் புல் மைதானம். பஸ்சில் போக ஒன்றேகால் மணி நேரம்.

பல்கலைக்கழகத் தலைவர் கெட்டவர் அல்ல. வாளிகளை எண்ணிப் பார்த்து நித்திரை கெட்ட மனிதர், அவ்வளவுதான். உண்மையில் எனக்கே அந்தத் திட்டம் முதலில் பிடித்திருந்தது. பெரிய கழகத்தின் மைதானத்துக்கு நான் பொறுப்பாளர்! கௌரியிடம், அதாவது என் மனைவியிடம், சொல்லவும் சொன்னேன்.

ஒரு காலை மதாம் மொரே, அந்த நிறுவனம் பிராந்திய சபைக்குக் கொடுத்த ஒரு தடித்த கோப்போடு வந்து வாளியில் இருந்தார். அன்றைக்குத் தோடம்பழத்தை எடுக்கவில்லை. கோப்பைத் திறந்து என் மேசையில் வைத்தார். பளபளவென்ற தாள், வண்ணப் படங்கள். நடுப்பக்கம் முழுக்க என் நீலக் கொப்பி. என் கையெழுத்து! அழகான வண்ணப் பிரதியாக, பக்கம் பக்கமாக. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு விம்மியது.

"மதாம், இது என்னுடைய கொப்பி!"

"ஆம். கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள்."

வாசித்தேன். மூடல், மூடல், மூடல் என்ற வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கீழே, போன கல்வியாண்டில் மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் மைதானம் மூடியிருந்தது என்றும், மாணவர்களுக்கு இந்த இடம் தேவைப்படவில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பதிவேடே காட்டுகிறது என்றும் இருந்தது.

பொதுச் சொத்தை இப்படிக் குத்தகைக்கு விட வேண்டுமானால் அது பயன்படாமல் கிடக்க வேண்டும் என்பது பிராந்திய சபையின் நிபந்தனையாம். மதாம் மொரே அதை நிதானமாக விளக்கினார். அந்தக் கோப்பில் வேறு எந்த ஆதாரமும் இல்லை. வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

பையோடு வந்து பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட என் கொப்பியில் இல்லை. மூடிய நாளில் ஐந்தாவது நிரலில் பூச்சியம்தானே போடுவேன். வர விரும்பாதவர்களும் பூச்சியம், வந்து திரும்பியவர்களும் பூச்சியம்.

"மதாம், நான் வேறு கொப்பி ஒன்று எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். பயத்தில் வாயில் வந்தது.

"நன்றி, முசியே பாலன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நன்றி."

மூன்றாவது வருவதற்குள் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்து நின்று, "மைதானத்தை மூடுவதற்கு ஒரு விதி இருக்கிறதே. இந்தக் கொட்டிலில் ஒட்டியிருந்தோம். எங்கே?" என்று கேட்டார்.

நானும் சுவர்களைப் பார்த்தேன். என் பின்பக்கச் சுவரில் லா சப்பல் மளிகைக் கடை ஒவ்வொரு தையிலும் தரும் முருகன் கலண்டர் தொங்கியது. போன வருடத்து முருகனுக்கு மேல் இந்த வருடத்து முருகன், எல்லாவற்றுக்கும் கீழே அதற்கு முந்திய வருடத்து முருகன். ஒன்றையும் எறிய மனம் வராது. எல்லா முருகன்களையும் ஒன்றாகத் தூக்கினேன். அடியில், மஞ்சள் பிடித்த ஒரு தாள். விதி.

மைதானத்தை மூடுவதும் திறப்பதும் பொறுப்பாளரின் தீர்மானம். தண்ணீர் தேங்கி நின்றாலோ, தரை உறைந்திருந்தாலோ மட்டுமே மூடலாம். சந்தேகமானால் பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட வேண்டும், பந்து எழும்பினால் விளையாடலாம். இவ்வளவுதான். குதிக்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"பிராந்திய சபையின் உபதலைவர் மூன்று கிழமையில் மைதானத்தைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார்," என்றார் மதாம் மொரே. "நான் அரச ஊழியர். இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குக் கருத்து இருக்கக் கூடாது. திறப்பதும் மூடுவதும் உங்கள் தீர்மானம். அதில் நான் ஒன்றும் சொல்ல முடியாது." பிறகுதான் தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன நடந்தது? முகம் செத்துப்போய்க் கிடக்கு," என்றாள் கௌரி.

முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் தங்கக் கரை போட்ட பன்னிரண்டு பீங்கான் தட்டுகள். விருந்தாளிகளுக்கு மட்டும். வாங்கி எத்தனையோ வருடம், இரண்டு முறை வெளியே வந்திருக்கும். நாங்கள் சாப்பிடுவது பிளாஸ்டிக் தட்டில்.

"என்ன சிரிப்பு? நீரும்தானே அந்தப் பீங்கானைப் பூட்டி வைச்சிருக்கிறீர்," என்றேன்.

"ஓம். அது என்ரை காசிலை வாங்கின பீங்கான். பூட்டியும் வைப்பன், விரும்பினா உடைச்சும் போடுவன். நீங்கள் பூட்டி வைச்சது ஆற்றை சொத்து?"

சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த செவ்வாய் நல்ல மழை. குதிக்கால் சோதனையை நான் செய்யவே இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு போய் ஏழு இடத்திலும் விட்டுப் பார்த்தேன். எழும்பியது. சிவப்புப் பலகையைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்தேன். பின்னேரம் அமினத்தா வந்து கேற்றில் நின்றாள். பலகை இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உடம்புக்குச் சரியில்லையா, முசியே பாலன்?"

"போங்கள். விளையாடுங்கள்."

"மழை பெய்கிறதே?"

"அது எனக்குத் தெரியாதா?"

அவர்கள் விளையாடிய இரண்டு மணி நேரமும் நான் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். சறுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லுக் கூசியது. ஆனால் வேறு ஒரு சத்தமும் கேட்டது. இருபத்திரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கத்திச் சிரிக்கிற சத்தம். அந்த மைதானத்தில் அதை நான் அதற்கு முன் கேட்டதாக ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. அவர்கள் போன பிறகு கொப்பியில் எழுதினேன். மழை. ஈரம். திறப்பு. இருபத்திரண்டு.

அமினத்தா சும்மா இருக்கிற ஆள் அல்ல. நிறுவனத்தின் திட்டம் அவளுக்கும் எட்டியிருந்தது. அவள் போய்ச் சொல்லி, அடுத்த கிழமை வரலாறு படிக்கிறவர்கள் வந்தார்கள், பிறகு கணிதம், பிறகு உணவுச்சாலைத் தொழிலாளர்கள். ஐந்தாவது நிரலில் பூச்சியத்தைக் காணோம். புல்லும் போய்விட்டது. கோல் வாசல் இரண்டும் உழுத வயல். ஒவ்வொரு மாலையும் நான் குனிந்து பெயர்ந்த புல்லைப் பொறுக்கி அமத்திக்கொண்டு திரிந்தேன். அழுகை வந்த நாளும் உண்டு.

உபதலைவர் வருகிற நாள் வந்தது. இரவு முழுக்க மழை. காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழகத் தலைவரின் செயலாளர் தொலைபேசியில் பேசினார். மைதானத்தை மூடி, புதுக் கோடு போட்டு, விருந்தினர் வரும்போது ஒருவரும் இல்லாமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டுமாம். விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டி வைப்பது எனக்கு இரத்தத்தில் ஊறியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பலகையைக் கையில் எடுத்தும் விட்டேன்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், "விதிப்படி பந்தை விட்டுப் பார்த்துத்தான் சொல்லலாம், மதாம்."

பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பந்து எழும்பாவிட்டால் மூடுவேன், அதோடு எல்லாம் முடிந்தது. பிற்பகல் ஒரு மணிக்குப் பந்தோடு போனேன். நான்கு அணிகள் உடை மாற்றிக்கொண்டு கேற்றில் நின்றன. ஆறு இடத்தில் பந்து எழும்பியது. ஏழாவது வடக்குக் கோல் வாசல். விட்ட பந்து சொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. அங்கே கணுக்கால் வரை தண்ணீர்.

"மூடலா?" என்றாள் அமினத்தா. அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வருகிறார்கள் இரண்டு மணிக்கு. ஒரு மணி நேரம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால் மண் மூச்சு விடும். ஆனால் என்னிடம் ஒரு வாளிதான் இருக்கிறது," என்றேன்.

"வாளிதானே!" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். ஐந்து நிமிடத்தில் பத்துப் பதினைந்து பேர் நூலகத்திலிருந்து வாளிகளோடு வந்தார்கள், கூரை ஒழுக்குக்கு வைத்திருந்த அதே வாளிகள். நூலகப் பெண்மணி ஒருவர் பின்னால் கத்திக்கொண்டு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாளியைப் பிடித்தார். நான் நான்கு முனை இரும்பு முள்ளால் மண்ணைக் குத்திக் குத்தித் துளை போட்டேன். கோல் காப்பவள் தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளினாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பந்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். விட்டேன்.

முழங்கால் அளவுக்கு எழும்பியது. விதியில் எவ்வளவு எழும்ப வேண்டும் என்று எழுதவில்லை.

"திறப்பு!" என்றேன்.

உபதலைவர் வெளிர் நிறச் சப்பாத்தோடு காரில் இருந்து இறங்கினார். பக்கத்தில் நிறுவனத்துக்காரர், நீளக் கோட்டு, கையில் சுருட்டிய வரைபடம். பின்னால் எங்கள் தலைவர், முகத்தில் இரத்தம் இல்லை. மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கு அணிகள், அரை மைதானத்துக்கு இரண்டாக. சுற்றிவர இருநூறு மாணவர்களுக்குக் குறையாமல் குடையும் வாளியுமாக. எல்லோருக்கும் சேறு.

"இந்த இடம் சும்மா கிடக்கிறது என்றல்லவா சொன்னார்கள்?" என்றார் உபதலைவர்.

"பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது," என்றார் நிறுவனத்துக்காரர்.

மதாம் மொரே காதிலிருந்த பென்சிலை எடுத்து, நீலக் கொப்பியைத் திறந்து, கடைசி மூன்று கிழமையைக் காட்டினார். உபதலைவர் ஐந்தாவது நிரலில் விரல் வைத்துக் கீழே இறங்கினார். அவருடைய புருவம் ஏறியது.

"அதற்கு முந்திய பக்கங்கள்?" என்றார் நிறுவனத்துக்காரர்.

நான் முன்னால் போனேன். "அது என் பிழை, முசியே. புல் பழுதாகும் என்று நான்தான் இவர்களை உள்ளே விடவில்லை. இவர்கள் ஒவ்வொரு கிழமையும் வந்தார்கள். மழையில் நின்றார்கள். நான் பூச்சியம் போட்டேன்." என் பிரெஞ்சு அன்றைக்கு ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

உபதலைவர் அமினத்தாவின் பக்கம் திரும்பி, "நீங்கள் எல்லோரும் இங்கே படிக்கிறவர்களா?" என்று கேட்டார்.

"படிக்கிறவர்கள், முசியே. இந்தப் பிராந்தியத்திலேயே வாக்களிக்கிறவர்கள்," என்றாள் அவள்.

அந்த மனிதருடைய முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் கண்ணால் கண்டேன். மாணவர்களோடு படம் எடுக்க வேண்டும் என்றார். மைதானத்துக்குள் இரண்டு அடி வைத்தார். ஒரு சப்பாத்து வடக்குக் கோல் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி, பொது மைதானம் பொது மக்களுக்கே என்றும், நூலகக் கூரையைச் சபையே பார்த்துக்கொள்ளும் என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். சப்பாத்தை நான் கிளப்பிக் கொடுத்தேன்.

நிறுவனத்துக்காரர் வரைபடத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மதாம் மொரேயிடம் விடைபெற வந்தார். மதாம் அவருடைய கையைப் பிடித்து, "நன்றி, முசியே. நன்றி. உண்மையாகவே நன்றி," என்றார். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

கூரை வந்தது, பாதி. மற்றப் பாதிக்கு அடுத்த தேர்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புட்டு தங்கக் கரைப் பீங்கானில் வந்தது. இதுவரை இரண்டு தட்டு உடைந்துவிட்டது. ஒன்று நான் உடைத்தது.

என் கடைசி வேலை நாளும் தூறல் நாளாகவே அமைந்தது. மண்டபத்தில் கேக் வெட்டி, எனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். எனக்குப் பதிலாக வருபவருக்கென்று தானாகவே கோடு போடும் இயந்திரம் வந்திருந்தது, அதையும் காட்டினார்கள். அமினத்தா இப்போது சட்டத்தரணி. அலுவலகத்தில் இருந்து நேராக வந்திருந்தாள், கையில் ஒரு பந்து.

"முசியே பாலன், இந்த மைதானத்தில் நீங்கள் எத்தனை முறை விளையாடியிருக்கிறீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அந்தப் புல்லில் நான் பந்தை உதைத்ததில்லை. சோதனைக்கு விட்டுப் பார்த்ததோடு சரி. பழுதாகிவிடும் என்ற பயம்.

பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்தாள். விழாவுக்குப் போட்ட புதுச் சப்பாத்தோடு ஓடிப் போய் உதைத்தேன். பந்து சேற்றில் உருண்டு உருண்டு போய், அன்று காலை நானே போட்ட கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. எல்லோரும் கோல் என்று கத்தினார்கள். என் காலடியில் உள்ளங்கை அளவு புல் பெயர்ந்து கிடந்தது. பழக்க தோஷத்தில் குனிந்தேன்.

"விடுங்கள்," என்றார் மதாம் மொரே. விட்டுவிட்டேன்.

அவர் கொட்டிலுக்குப் போய் நீலக் கொப்பியைத் திறந்து, காதிலிருந்த பென்சிலால் எழுதினார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தூறல். ஈரம். திறப்பு. ஐந்தாவது நிரலில் ஒன்று என்று போட்டிருந்தார். அன்றைக்கு முழுக்க அவர் எனக்கு ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை.